பியானோ மேதையின் வலது கைக்கு என்ன ஆனது? - ‘விடாமுயற்சி’ கதைகளில் நாம் பார்க்கத் தவறுவது

வருடம் 1964. அமெரிக்க பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷருக்கு வயது 36. பீத்தோவனின் ஐந்து பியானோ கான்செர்ட்டோக்களையும் பதிவு செய்து முடித்திருந்தார். உலகின் பெரிய மேடைகள் எல்லாம் அவருக்குப் பழகிய இடங்கள். அடுத்த ஆண்டு கிளீவ்லேண்ட் ஆர்கெஸ்ட்ராவுடன் சோவியத் யூனியனுக்குப் போகும் பெரிய சுற்றுப்பயணம் காத்திருந்தது.

அந்த நேரத்தில்தான் அவரது வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்தன. பியானோவில் கை வைத்தால் போதும், இரண்டும் தாமாகவே உள்ளங்கையை நோக்கி மடங்கிக்கொண்டன. தாங்க முடியாத வலி எதுவும் இல்லை. விரல்கள் மட்டும் வழிக்கு வரவில்லை.

அவர் என்ன செய்தார்? நாம் எல்லோரும் செய்வதைத்தான். இன்னும் அதிகமாக பிராக்டிஸ் செய்தார்.

ஓராண்டுக்குள் அந்த வலது கை மேடைக்கே உதவாமல் போனது. அதன்பிறகு இரண்டு கைகளாலும் தொடர்ந்து மேடையில் வாசிக்க அவருக்கு ஏறக்குறைய 30 ஆண்டுகள் பிடித்தன.

இந்தக் கதையை இணையத்தில் எப்படிச் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். ‘இழந்தார், போராடினார், ஜெயித்தார்’ என மூன்று வார்த்தை, பின்னணியில் கொஞ்சம் சோக இசை, கடைசியில் கைத்தட்டல். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால், ஃபிளைஷரின் வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், அவரை விழ வைத்ததில் விடாமுயற்சிக்கும் ஒரு பங்கு இருப்பது தெரியும். எழ வைத்தது வேறொன்று. அது என்ன என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

யார் இந்த ஃபிளைஷர்?

1928இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம். அப்பாவுக்குத் தொப்பி செய்து விற்கும் தொழில். மகன் என்ன ஆக வேண்டும் என்பதில் அம்மாவுக்கு இரண்டே ஆசைகள்தான்: ஒன்று, அமெரிக்காவின் முதல் யூத ஜனாதிபதி, இல்லாவிட்டால், மாபெரும் பியானோ கலைஞர். பிற்காலத்தில் ஃபிளைஷரே சிரித்துக்கொண்டு சொன்ன தகவல் இது.

வீட்டில் பியானோ கற்றுக்கொண்டது முதலில் அண்ணன்தான். அண்ணனுக்குப் பாடம் நடக்கும்போது ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த தம்பி, பாடம் முடிந்ததும் அதையே வாசித்துக் காட்டினான். அப்புறம் பாடம் தம்பிக்கு மாறியது.

ஒன்பது வயதில் அவருக்கு ஆர்ட்டுர் ஷ்னாபெல் குருவாகக் கிடைத்தார். பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் முதன்முதலாக முழுமையாக இசைத்தட்டில் பதிவு செய்தவர் ஷ்னாபெல். அவருடைய குரு லெஷெடிட்ஸ்கி. லெஷெடிட்ஸ்கியின் குரு செர்னி. செர்னியின் குரு பீத்தோவன். நம்ம ஊர் பாணியில் சொன்னால், நேரடியான குரு பரம்பரை.

சிறுவர்களை மாணவர்களாக ஏற்பதில்லை என்பது ஷ்னாபெலின் கொள்கை. இந்தச் சிறுவனுக்காக அதைத் தளர்த்தினார். பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டார்: படிக்கிற காலத்தில் கச்சேரி கூடாது. ‘குழந்தை மேதை’ என்று ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டக் கூடாது. 1938இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் தொடங்கிய அந்தக் குருகுலம் பத்தாண்டுகள் நீடித்தது.

1944இல், 16 வயதில், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் கார்னகி ஹாலில் பிராம்ஸின் முதலாவது பியானோ கான்செர்ட்டோவை வாசித்தார். கான்செர்ட்டோ என்றால், ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவும் ஒரு தனிக் கலைஞரும் எதிரெதிரே நின்று பேசிக்கொள்வது போன்ற நீண்ட படைப்பு. பிராம்ஸின் முதலாவது கான்செர்ட்டோ, வயதில் மூத்த கலைஞர்களே யோசித்துத் தொடுகிற ஒன்று. 1952இல் பிரஸ்ஸல்ஸ் நகரின் ராணி எலிசபெத் சர்வதேசப் போட்டியில் முதல் பரிசு பெற்றார். அந்தப் போட்டியில் வென்ற முதல் அமெரிக்கர் அவர்தான்.

அதன்பின் ஜார்ஜ் செல் நடத்திய கிளீவ்லேண்ட் ஆர்கெஸ்ட்ராவுடன் பீத்தோவன், பிராம்ஸ் கான்செர்ட்டோக்களைப் பதிவு செய்தார். அறுபது ஆண்டுகள் கடந்த பின்பும் ‘பீத்தோவன் கான்செர்ட்டோ எதைக் கேட்கலாம்?’ என்று கேட்பவர்களுக்குச் சொல்லப்படும் பட்டியலில் அந்தப் பதிவுகளுக்கு இடம் உண்டு.

விரல்களுக்கு என்னதான் ஆனது?

1964இல் ஒரு சிறு விபத்து. தோட்டத்து மேசை நாற்காலியை நகர்த்தும்போது வலது கட்டைவிரலில் வெட்டு விழுந்து, தையல் போட வேண்டியதாயிற்று. காயம் ஆறியபின் பழையபடி வாசிக்க உட்கார்ந்தபோது கையில் ஏதோ சரியில்லை என்று பட்டது. முதலில் கொஞ்சம் மரத்துப்போன உணர்வு. பிறகு விரல்கள் மடங்க ஆரம்பித்தன.

இதற்கு இன்று ஒரு பெயர் இருக்கிறது: ஃபோகல் டிஸ்டோனியா. நரம்பு மண்டலம் சார்ந்த பிரச்சினை. தசை கிழிவதோ எலும்பு தேய்வதோ இல்லை. ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக உணரவும் இயக்கவும் மூளையில் தனித்தனி இடங்கள் உண்டு. ஒரு வரைபடம் மாதிரி. டிஸ்டோனியா வந்த கைகளை ஆராய்ந்தபோது, அந்த வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்து விரல்களின் எல்லைகள் ஒன்றோடொன்று கலந்து மங்கிப்போயிருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒரு விரலுக்குப் போகும் கட்டளையில் பக்கத்து விரலும் சேர்ந்து இழுபடுகிறது.

இதில் விசித்திரம் என்னவென்றால், பல நேரம் குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யும்போது மட்டுமே இது தலைகாட்டும். அதே கையால் காபி குடிக்கலாம், சட்டைப் பொத்தான் போடலாம். பியானோ முன்னால் உட்கார்ந்தால் மட்டும் விரல் மடங்கும். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது. இதனாலேயே ‘எல்லாம் மனப் பிரமை’ என்று பலர் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள்.

தொழில்முறை இசைக் கலைஞர்களில் ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு இது வருவதாக மதிப்பிடுகிறார்கள். காரணம் ஒன்றே ஒன்று என்று மருத்துவம் சொல்லவில்லை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, பழைய காயம், பதற்றம், ‘துளிப் பிழைகூட வரக் கூடாது’ என்கிற பிடிவாதம், பரம்பரைக் கூறு எனப் பலவும் சேர்ந்து வேலை செய்கின்றன.

‘இன்னும் கொஞ்சம் பிராக்டிஸ்’ ஏன் எதிராக வேலை செய்தது?

‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அம்மிக்கு அது பொருந்தும். மூளைக்குப் பொருந்துவதில்லை.

பயிற்சி என்றால் என்ன? ஓர் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து, அதை மூளைக்குள் அழுத்தமாகப் பதிய வைப்பது. அசைவு சரியாக இருந்தால் சரியானது பதியும். தவறாக இருந்தால் தவறானதும் அதே அக்கறையோடு பதியும். இது தப்பு, இதைச் சேர்த்துக்கொள்ளாதே என்று பிரித்துப் பார்க்கும் வசதி மூளையின் அந்தப் பகுதிக்குக் கிடையாது. மடங்கும் விரல்களோடு மல்லுக்கட்டி ஃபிளைஷர் வாசித்த ஒவ்வொரு மணி நேரமும் அந்த மடங்கலுக்கே பயிற்சியாகிப் போயிருக்கலாம்.

அவரே பிற்காலத்தில் இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். இரும்புக் குண்டு தூக்கி உடம்பை ஏற்றுகிறவர்கள் மாதிரி, பியானோ கட்டைகளை வைத்துத் தான் தசையை ஏற்றிக்கொண்டிருந்ததாகத் தன்னையே கேலி செய்துகொண்டார். கை எச்சரித்தபோது நிறுத்தியிருக்க வேண்டும் என்றும், இளம் கலைஞர்கள் அதே தவறைச் செய்யக் கூடாது என்றும் பேட்டிக்குப் பேட்டி சொன்னார்.

நிறுத்தாமல் போனதற்கு அவரது பிடிவாதம் மட்டும் காரணமா? இல்லை. கச்சேரிக் கலைஞர் என்பவர், இன்றைய மொழியில் சொன்னால், ஒரு ஃப்ரீலான்ஸர். மாதச் சம்பளம் கிடையாது. மருத்துவ விடுப்பு கிடையாது. ‘கை சரியில்லை’ என்று வாயைத் திறந்தால், அடுத்த வருட ஒப்பந்தம் வேறொருவருக்குப் போய்விடும். கடைசியில் சோவியத் பயணத்துக்கு அவரால் வர முடியாது என்ற முடிவை எடுத்தவர் ஜார்ஜ் செல். அந்த ஆர்கெஸ்ட்ரா வேறு பியானோ கலைஞர்களுடன் கிளம்பிப் போனது.

இருட்டான ஆண்டுகள்

அதற்குப் பிறகு நடந்ததைப் படித்தால் நெஞ்சு கனக்கும். கையில் ஊசிகள், ஹிப்னாடிசம், அக்குபங்சர், மனநல சிகிச்சை என்று யார் எதைச் சொன்னாலும் அதைச் செய்து பார்த்தார். எதுவும் பலிக்கவில்லை. திருமண வாழ்க்கை உடைந்தது. தாடி வளர்த்துக்கொண்டு, வெஸ்பா ஸ்கூட்டரில் சுற்றினார். உயிரை விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கட்டத்தில் யோசித்ததாகத் தன் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். நான்கு வயதிலிருந்து ஒரே ஓர் அடையாளம். அம்மாவின் கனவு, குருவின் நம்பிக்கை, ஊரின் கைத்தட்டல், எல்லாம் பத்து விரல்களின் மேல் கட்டிய வீடு. அதில் இரண்டு விரல் போனால் மீதி எட்டு விரலோடு வாழலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. மொத்த மனிதனும் போய்விட்டதாகவே தோன்றியது.

சில ஆண்டுகள் கழித்து ஒரு தெளிவு வந்தது. தன்னுடைய உறவு இரண்டு கைகளோடு இல்லை, பியானோவோடு மட்டும்கூட இல்லை, இசையோடுதான் என்ற தெளிவு. சொல்வதற்கு எளிது. அவர் அங்கே வந்து சேர்வதற்குள் வாழ்க்கை பாதி கலைந்துபோயிருந்தது.

ஒரு கையால் பியானோ வாசிக்க முடியுமா?

முடியும். அதற்கென்றே ஒரு தனி இசை உலகம் இருக்கிறது. அதன் பின்னணியில் இன்னொரு சோகம் உண்டு.

வியன்னாவைச் சேர்ந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைன், தத்துவ அறிஞர் லுட்விக் விட்கென்ஸ்டைனின் அண்ணன். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தார். செல்வந்தர் வீட்டுப் பிள்ளை என்பதால், அன்றைய பெரிய இசையமைப்பாளர்களிடம் பணம் கொடுத்து, இடது கைக்கு மட்டுமான படைப்புகளை எழுதி வாங்கினார். ராவெல், புரோகோஃபியேவ், பிரிட்டன், ஹிண்டெமித் என்று நீளும் பட்டியல் அது.

அவற்றில் ராவெலின் கான்செர்ட்டோவைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். ஒரு கைதான் வாசிக்கிறது என்று நம்ப மாட்டீர்கள். கட்டைவிரல் மேலே மெட்டை எடுத்துச் செல்லும். மற்ற விரல்கள் கீழே அடித்தளம் போடும். கை தாவிப்போகும் இடைவெளியில் கால் பெடல் முந்தைய ஒலியைப் பிடித்து வைத்திருக்கும். அந்தத் தாவலைச் சாதிக்க அசுர சாதகம் வேண்டும்.

ஃபிளைஷர் இந்தப் படைப்புகளைத் தன் சொத்தாக்கிக்கொண்டார். பாஹ் வயலினுக்கு எழுதிய சகோனை பிராம்ஸ் இடது கைக்கு மட்டும் மாற்றி எழுதியிருந்தார். அது ஃபிளைஷரின் மேடைகளில் திரும்பத் திரும்ப ஒலித்தது. விட்கென்ஸ்டைன் கடைசிவரை வாசிக்காமல் பெட்டிக்குள் வைத்துவிட்ட ஹிண்டெமித் படைப்பு, அவருடைய மனைவியின் மறைவுக்குப் பின் வெளிவந்தது. 1923இல் எழுதப்பட்ட அந்தப் படைப்பை 2004இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன் உலகிலேயே முதன்முதலாக மேடையேற்றியவர் ஃபிளைஷர். எண்பது வருடம் பெட்டியில் கிடந்த இசைக்கு, வலது கை போன ஒருவர்தான் வாய் கொடுத்தார்.

இன்னொரு பக்கம் இசைக்குழுக்களை நடத்தத் தொடங்கினார். 1967இல் வாஷிங்டனில் சிறு இசைக்குழு ஒன்றைத் தோழி ஒருவருடன் சேர்ந்து தொடங்கினார். அனாபொலிஸ், பால்டிமோர் ஆர்கெஸ்ட்ராக்களை நடத்தினார்.

பேச்சால் கற்பித்த ஆசிரியர்

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது அவரது ஆசிரியர் பணியைத்தான். பால்டிமோரின் பீபாடி இசைக் கல்லூரியில் 1959இலேயே சேர்ந்திருந்தார். கை நன்றாக இருந்த காலத்தில், மாணவர் தவறு செய்தால் அவரை நகரச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து வாசித்துக் காட்டிவிடலாம். ‘இப்படி வாசி’ என்றால் பாடம் முடிந்தது. கை போனபின் அது முடியாது. ஒவ்வொன்றையும் வார்த்தையால் விளக்க வேண்டும். இந்த இடத்தில் ஏன் தாமதிக்க வேண்டும், இந்த ஸ்வரம் ஏன் அடுத்ததை நோக்கிச் சாய வேண்டும் என்று காரணம் சொல்ல வேண்டும். அந்தக் கட்டாயம்தான் தன்னை நல்ல ஆசிரியராக்கியது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆந்த்ரே வாட்ஸ், யெஃபிம் பிரான்ஃப்மன், ஜொனதன் பிஸ் போன்ற பெரிய கலைஞர்கள் அவரிடம் படித்தவர்கள்.

மாணவர்களுக்கு அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் ஒன்று உண்டு. வாசிப்பவருக்குள் ஒரே நேரத்தில் மூன்று பேர் இருக்க வேண்டும் என்பார். முதல் ஆள், வாசிப்பதற்கு முன்பே அந்த ஒலியை மனதுக்குள் கேட்பவர். இரண்டாவது ஆள், கட்டைகளை அழுத்துபவர். மூன்றாவது ஆள், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, வருவது என்ன என்று கேட்டு, சரியில்லை என்றால் இரண்டாவது ஆளிடம் சொல்பவர்.

இந்த மூன்றாவது ஆளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

1982: கைத்தட்டல் கிடைத்த தோல்வி

1980களின் தொடக்கத்தில் கையில் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்த மாதிரி இருந்தது. 1982 செப்டம்பரில் பால்டிமோரில் புதிய இசையரங்கம் ஒன்றின் திறப்பு விழா; அதில் ஃபிளைஷர் இரண்டு கைகளுடன் திரும்பி வருகிறார் என்று அறிவிப்பு. தொலைக்காட்சி ஒளிபரப்பு, பத்திரிகைச் செய்திகள், பெரிய எதிர்பார்ப்பு.

வாசிப்பதாக இருந்தது பீத்தோவனின் நாலாவது கான்செர்ட்டோ. கை அதற்குத் தயாராக இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. அதை விட்டுவிட்டு, ஃபிராங்கின் ‘சிம்பொனிக் வேரியேஷன்ஸ்’ வாசித்தார். அரங்கம் எழுந்து நின்று கைத்தட்டியது. அதிசயம் நடந்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின.

உள்ளே இருந்த உண்மை வேறு. கை குணமாகவில்லை. சமாளித்து ஒப்பேற்றியிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். தொடர்ந்து வரவேண்டிய இரண்டு கைக் கச்சேரிகளை விட்டுவிட்டு, மறுபடி இடது கைக்கே திரும்பினார்.

என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையின் மிகத் துணிச்சலான முடிவு இதுதான். உலகமே ‘ஜெயித்துவிட்டாய்’ என்று கொண்டாடும்போது, ‘இல்லை, இது சரியாக வரவில்லை’ என்று தனக்குள் ஒப்புக்கொண்டு இறங்கி வருவது சாதாரண விஷயம் இல்லை. 1964இல் கேட்காமல் விட்ட அந்த மூன்றாவது ஆளின் குரலை, 1982இல் கேட்டார்.

வாயை மூடிக்கொண்டிருந்த துறை

ஃபிளைஷர் தனி ஆள் இல்லை. இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான் இருபது வயதுகளிலேயே வலது கை விரல் கோளாறால் பியானோ கனவைக் கைவிட்டவர். ரஷ்யாவின் ஸ்கிரியாபின், கடினமான படைப்புகளை வெறித்தனமாகப் பயிற்சி செய்து வலது கையைக் கெடுத்துக்கொண்டவர். இடது கைக்கு மட்டும் அவர் எழுதிய இசை அந்த அனுபவத்தின் விளைவு. ஃபிளைஷரின் சம வயதுக்காரரான கேரி கிராஃப்மனுக்கு 1970களின் இறுதியில் வலது கை விரல்கள் கைகொடுக்க மறுத்தன.

கிராஃப்மன் ஒரு முக்கியமான காரியம் செய்தார். மறைக்காமல் பொதுவெளியில் பேசினார். அதுவரை, கை வலிக்கிறது என்று சொல்வதே தொழில் தற்கொலை என்ற நிலைமை. அவர் பேசியதும், ‘எனக்கும் இப்படித்தான்’ என்று இசைக் கலைஞர்கள் மருத்துவர்களைத் தேடி வரத் தொடங்கினார்கள். இசைக் கலைஞர்களின் உடல்நலத்துக்கான தனி மருத்துவப் பிரிவு அமெரிக்காவில் வேகம் எடுத்தது அந்தக் காலகட்டத்தில்தான். கிராஃப்மன் பின்னர் ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரிக்குத் தலைமை தாங்கினார். இன்றைய நட்சத்திரங்கள் லாங் லாங், யூஜா வாங் இருவரும் அவரிடம் பயின்றவர்கள்.

ஒருவர் வாயைத் திறந்ததால் எத்தனையோ பேருக்கு உதவி கிடைத்தது. அதற்கு முன்பு எத்தனை பேர் சத்தமில்லாமல் தொழிலை விட்டுப் போயிருப்பார்கள்?

கடைசியில் குணமானாரா?

இங்கேதான் ‘இழந்தார், ஜெயித்தார்’ கதை வழுக்குகிறது. 1990களில்தான் அவரது பிரச்சினைக்கு ஃபோகல் டிஸ்டோனியா என்ற சரியான பெயர் கிடைத்தது. பெதெஸ்டாவில் உள்ள அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் அவருக்கு போடாக்ஸ் ஊசி போட்டார்கள். ஆமாம், முகச் சுருக்கம் மறைய சினிமாக்காரர்கள் போட்டுக்கொள்வதாக நாம் கேள்விப்படும் அதே போடாக்ஸ்தான். அளவுக்கு மீறி இழுக்கும் தசையை அது தற்காலிகமாகத் தளர்த்துகிறது. கூடவே ரோல்ஃபிங் எனப்படும் ஆழமான மசாஜ் சிகிச்சையும் எடுத்துக்கொண்டார்.

1995இல் இரண்டு கைகளாலும் மேடையில் வாசித்தார். 2004இல் ‘டூ ஹேண்ட்ஸ்’ என்ற இசைத்தட்டு வந்தது. இரண்டு கைகளால் அவர் வாசித்த புதிய பதிவு வெளிவந்து அதற்குள் நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தன. இளமையில் பதிவு செய்த அதே ஷூபர்ட் சொனாட்டாவை அதில் மறுபடி வாசித்தார். அந்தப் பெயரிலேயே வந்த ஆவணக் குறும்படம் ஆஸ்கர் பரிந்துரை வரை சென்றது. 2007இல் அமெரிக்காவின் உயரிய கலை விருதுகளில் ஒன்றான கென்னடி சென்டர் கௌரவம் கிடைத்தது. 2020 ஆகஸ்டில், 92 வயதில் காலமானார்.

ஆனால், தான் குணமாகிவிட்டதாக அவர் ஒருபோதும் சொல்லவில்லை. ஊசியின் பலன் சில மாதங்கள்தான் நிற்கும். திரும்பப் போட வேண்டும். விரல்கள் எப்போது மடங்கும் என்ற கவனம் கடைசிவரை இருந்தது. எந்த விரலால் எந்தக் கட்டையைத் தொடுவது என்பதையே மாற்றி அமைத்துக்கொண்டுதான் வாசித்தார். இளமையின் அந்தப் பாய்ச்சல் திரும்பவில்லை. ஷூபர்ட் பதிவைக் கேட்டால், வேகத்தில் அக்கறை இல்லாத ஒரு மனிதர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் பொறுமையாக வைத்துவிட்டுப் போவது தெரியும்.

சரி, நமக்கு இதில் என்ன?

கீபோர்டு தட்டுகிற எல்லோருக்கும் டிஸ்டோனியா வரும் என்று பயமுறுத்துவது நோக்கம் இல்லை. மணிக்கட்டு வலி வேறு, டிஸ்டோனியா வேறு. கையில் மரத்துப்போவது, விரல் பிடித்துக்கொள்வது போன்றவை தொடர்ந்து இருந்தால் கூகுளில் தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது வேறு. ‘உழைப்பு தேவையில்லையா? உழைக்காமலா 16 வயதில் கார்னகி ஹால் போனார்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உழைத்தார்தான். ஆனால், அந்த உழைப்பைக் காவல் காத்தவர் ஒருவர் இருந்தார். ‘இப்போது மேடை வேண்டாம், காத்திரு’ என்று சொன்ன ஷ்னாபெல். குருவின் காலம் முடிந்து, மேடை மட்டும் மிஞ்சியபோது, ‘போதும், இன்றைக்கு எழுந்திரு’ என்று சொல்ல ஆள் இல்லாமல் போனது.

நம்ம வேலை உலகமும் இப்படித்தான் இருக்கிறது. முதல் ஆளுக்கு நேரம் கிடையாது. யோசிக்காமல் தொடங்கு என்கிறோம். மூன்றாவது ஆளுக்கு மரியாதை கிடையாது. ‘ஏதோ சரியில்லை’ என்று அவர் சொன்னால் சோம்பேறி என்கிறோம், நெகட்டிவ் என்கிறோம். இரண்டாவது ஆளை மட்டும் ராத்திரி பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கச் சொல்கிறோம். காய்ச்சலோடு லேப்டாப்பைத் திறந்தவரைத்தான் கூட்டத்தில் எழுந்து நிற்க வைத்துப் பாராட்டுகிறோம். அப்புறம் ஒருநாள் அவர் காணாமல் போனால், ‘பாவம், பர்ன்அவுட்’ என்று முடித்துவிடுகிறோம்.

நிறுவனங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ‘எனக்கு முடியவில்லை’ என்று சொன்னால் வேலை போகாது என்ற நிலையை உண்டாக்குவது. கிராஃப்மனுக்கு முந்தைய இசை உலகில் அது இல்லை. அதன் விலையைக் கலைஞர்கள் தங்கள் விரல்களால் கொடுத்தார்கள். ஓய்வு நாள் கொள்கையை வெப்சைட்டில் போடுவதால் மட்டும் அந்த நிலை வந்துவிடாது. ஓய்வு கேட்டவருக்கு அடுத்த புரமோஷனில் என்ன நடக்கிறது என்பதை எல்லோரும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. நம்முடைய மொத்த அடையாளத்தையும் ஒரே திறமையின் மேல், ஒரே பதவியின் மேல் ஏற்றி வைக்காமல் இருப்பது. வலது கை போனபிறகு ஃபிளைஷர் செய்ததெல்லாம் ஆறுதல் பரிசு இல்லை. அவர் உருவாக்கிய மாணவர்கள், நடத்திய இசைக்குழுக்கள், பெட்டியிலிருந்து வெளியே வந்த இசை எல்லாம் நிஜமான வாழ்க்கை. 30 ஆண்டுகள் அவர் ‘காத்திருக்கவில்லை’, வேலை செய்துகொண்டிருந்தார். வலது கை கடைசிவரை திரும்பாமலே போயிருந்தாலும் அந்த வாழ்க்கைக்கு மதிப்பு குறைந்திருக்காது.

அடுத்த முறை யாராவது ஃபிளைஷரின் கதையை ‘நெவர் கிவ் அப்’ என்ற தலைப்பில் உங்களுக்கு அனுப்பினால், முழுக்கப் பாருங்கள், தப்பில்லை. பார்த்து முடித்ததும், யூடியூபில் அவர் 1950களில் வாசித்த ஷூபர்ட் சொனாட்டாவையும், 2004இல் வாசித்த அதே சொனாட்டாவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஹெட்போன் போட்டு, வேறு வேலை எதுவும் செய்யாமல். இரண்டாவது பதிவில் கைகள் மெதுவாகப் போகும். ஒவ்வொரு ஸ்வரத்துக்குப் பின்னாலும் ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது உங்களுக்குப் புரியும்.